புளியங்கொட்டை எண்ணிய ஐந்து சனிக்கிழமைகள்: ஒரு கட்சி ஆதிக்கத்தைப் பற்றி மேலூர்ப் பக்கம் நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019 மே மாதம் நடந்தது இது. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்திக்கொண்டிருந்தோம், நானும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப்பேர் குரூப் 4, குரூப் 2 என்று தேர்வுக்குப் படிக்கிறவர்கள், மீதிப்பேர் மதுரைக்குப் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறவர்கள். ஏப்ரல் 18-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்திருந்தது. அன்றைக்கே மீனாட்சியம்மன் தேரோட்டமும் இருந்ததால் மதுரைத் தொகுதியில் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட நேரம் கொடுத்திருந்தார்கள். எண்ணிக்கை மே 23-இல்தான். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் வேறு பேச்சே இல்லை. அதனால், இன்றைய கட்சிகளைத் தொடுவதில்லை, சுதந்திரம் வந்த பிறகு நடந்த முதல் தேர்தல்களைப் படிப்போம் என்று முடிவு செய்தோம். பழைய கதை என்றால் யாருக்கும் கோபம் வராது என்று நினைத்தோம்.

இந்த நிகழ்வில் முக்கியமானவர்கள் நான்கு பேர். முதலாமவர் தொண்ணூறு வயதுப் பெரியவர், 1952-இல் முதல் ஓட்டைப் போட்டவர், அந்தக் காலம் தொட்டுக் காங்கிரஸ்காரர். அடுத்து, வரலாறு படிக்கும் ஒரு கல்லூரி மாணவி; அவருடைய பூட்டன் மதுரையில் ஹார்வி மில்லில் வேலை பார்த்துச் சங்கத்தில் இருந்தவர், வீட்டில் இன்றும் அந்தப் பேச்சு உண்டு. மூன்றாவது, தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளைஞர். நான்காவது ஆள் யார் என்பது எங்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது.

முதல் சனிக்கிழமை: என்ன பார்த்தோம்

இளைஞர்தான் ஆரம்பித்தார். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத் தேர்தல், மக்களவையில் 489 இடம், காங்கிரசுக்கு 364, தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், எல்லாம் மனப்பாடம். நாலில் மூன்று பேர் காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று முடித்தார். பெரியவர் தலையாட்டினார். "அப்ப எல்லாருமே காங்கிரஸ்தாம்ப்பா. வேற என்ன இருந்துச்சு?"

பெட்டிக் கதையும் சொன்னார். சீட்டில் முத்திரை குத்துவதெல்லாம் கிடையாது, ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போய் இரட்டைக் காளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன் என்றார். பிள்ளைகள் நம்பவில்லை. அது உண்மைதான். 1952-இலும் 1957-இலும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்தார்கள், பொதுத் தேர்தலில் சீட்டில் குறியிடும் முறை 1962-இல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பாலாக இருந்த நாட்டில் 17 கோடிக்கு மேற்பட்டவர்களை ஓட்டுப் போட வைக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. எனக்கு இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

அப்புறம் மாணவி கேட்டார். "எல்லாரும் ஒரே கட்சின்னா அது ஜனநாயகமா தாத்தா? ஒரு கட்சி சர்வாதிகாரம்னுதானே சொல்லணும்?" கேள்வியில் தப்பில்லை. மெக்சிகோவில் 1929-இல் தொடங்கிய ஒரே கட்சி பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு 2000 வரை ஆண்டதையும் அவர் படித்திருந்தார். ஆனால் பெரியவர் காதில் வேறு மாதிரி விழுந்தது. தடியை ஊன்றி எழுந்தார், "நாங்க ஜெயிலுக்குப் போனவுகளுக்கு ஓட்டுப் போட்டோம்த்தா, சர்வாதிகாரிக்குப் போடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று நாங்கள் கவனித்தது இரண்டு விஷயம். இடக் கணக்கையும் ஓட்டுக் கணக்கையும் மூன்று பேருமே ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். ஆதிக்கம் என்றால் போட்டியே இல்லை என்று மூன்று பேரும் நம்பினார்கள், ஒருவர் அதைப் பெருமையாக, ஒருவர் குற்றமாக, ஒருவர் மதிப்பெண்ணாக.

முதல் முடிவு: சிரட்டையும் கொட்டையும்

கணக்கை முதலில் சரி செய்வோம், உணர்ச்சி தானாக அடங்கும் என்று நினைத்தேன். அது என் முடிவு, ஆசிரியருக்கு அவ்வளவாக உடன்பாடில்லை.

அடுத்த வாரம் பத்துச் சிரட்டை வைத்தோம். ஒவ்வொன்றும் ஒரு தொகுதி, ஒவ்வொன்றிலும் பத்து ஓட்டு. காங்கிரசுக்குப் புளியங்கொட்டை, மற்றவர்களுக்குக் குன்றிமணி, மக்காச்சோளம், நிலக்கடலை. ஏழு சிரட்டையில் ஐந்தைந்து புளியங்கொட்டை போட்டு, எதிர்ப்பக்கத்து ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரித்தோம். மீதி மூன்று சிரட்டையில் புளியங்கொட்டை நான்கு, மூன்று, மூன்று. எதிர்ப்பக்கம் முழுக்க ஒரே வகை. கூட்டினால் புளியங்கொட்டை 45, ஆனால் ஜெயித்த சிரட்டை ஏழு. 1952-இல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். காங்கிரஸ் வாங்கியது நூற்றுக்கு 45 ஓட்டு, இடமோ நூற்றுக்கு 74. பத்து சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய சோஷலிஸ்ட் கட்சிக்கு 12 இடம், மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டிய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16. ஒருவர் ஓட்டு நாடெங்கும் தூவிக் கிடந்தது, இன்னொருவர் ஓட்டு சில இடங்களில் குவிந்து கிடந்தது. மூன்று சிரட்டையைக் காட்டினால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிறது.

இளைஞர் தன் நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் திருத்திக்கொண்டார். எனக்கு ரொம்பத் திருப்தி.

அது எங்கே தவறியது

மாணவி அன்றிரவே ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்று சொன்ன கட்சி இருபது வருடம் ஆண்டது. சிரட்டைப் படமும் கூடவே. பெரியவரின் பேரன் அதைப் படித்துக் காட்ட, அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். மறுநாள் யாரோ நூலகப் பொறுப்பாளரிடம் போய், தேர்தல் முடிவு வருவதற்கு முன்னால் நூலகத்தில் கட்சிக் கூட்டம் நடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவர் எங்களைக் கூப்பிட்டு, எண்ணிக்கை முடியும் வரை வேறு இடம் பாருங்கள் என்றார். அவர் பயம் நியாயமானது. என்ன படிக்கிறோம் என்று அவரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் பிழை.

மாணவி எழுதியதில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 55 பேர் காங்கிரசை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறு ஒருவரை வேண்டும் என்று சொன்னார்கள். அந்த வேறு ஒருவரில் பலர் அதே வீட்டிலிருந்து பிரிந்து போன பங்காளிகள். சோஷலிஸ்டுகள் 1948 வரை காங்கிரசுக்குள் இருந்தவர்கள். கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியும் அங்கிருந்து 1951-இல் வந்ததுதான். பின்னால் 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, நம் மாகாணத்தின் காங்கிரஸ் முதல்வராக இருந்தவர். இதையெல்லாம் நான் சிரட்டை வைத்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். கணக்கு கையில் வந்ததும் பாடம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: பெரியவர் திண்ணைக்குப் போனது

ஆசிரியர்தான் வழி சொன்னார். மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போவோம், அப்படியே கூட்டத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்போம். நூலகம் போனதால் இடமும் தேவைப்பட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. மாணவியும் வந்தார். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் செரட்டையக் கொண்டாங்க, நான் பாக்குறேன்" என்றார்.

மூன்றாவது சனிக்கிழமை அவரே கொட்டையைப் போட்டார். போட்டுக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் பாடத்தையே திருப்பிவிட்டது: "நீங்க புளியங்கொட்டைய ஒரே சாதிக் கொட்டையா வச்சிருக்கீக. எங்க ஊர்லயே ரெண்டு காங்கிரஸ் இருந்துச்சு."

கண்மாய் மீன் குத்தகை யாருக்கு, எந்த மடையை முதலில் திறப்பது, பள்ளிக்கூடத்தை எந்தத் தெருவில் கட்டுவது என்று எல்லாத் தகராறும் அந்த இரண்டு கோஷ்டிக்குள்தான் நடந்தன. தோற்ற கோஷ்டி எதிர்க்கட்சிக்குப் போகாது, மதுரைக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் மேலே உள்ள தலைவரிடம் முறையிடும். அங்கேயும் இரண்டு கோஷ்டி. ஓட்டு ஒன்று, சண்டை உள்ளே. அரசியல் அறிஞர் ரஜனி கோத்தாரி 1964-இல் காங்கிரஸ் முறை என்று பெயர் வைத்து விளக்கியது இதைத்தான். ஆளும் கட்சிக்குள்ளேயே போட்டி நடக்கும், வெளியே இருக்கும் சின்னக் கட்சிகள் உள்ளே இருக்கும் ஒரு கோஷ்டியின் வழியாக அழுத்தம் கொடுக்கும். பெரியவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. கண்மாய் மடையை வைத்து அதையே சொல்லிவிட்டார்.

அதற்கு நம் மாநிலத்திலேயே பொருத்தமான உதாரணம் இருக்கிறது, அதை அன்றைக்கு விரிவாகப் பேசினோம். மத்தியில் 364 இடம் வாங்கிய அதே 1952-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடையாது. 375-இல் 152 தான். அப்போது மாகாணத்துக்குள் இருந்த ஆந்திரப் பகுதியிலும் மலபாரிலும் பலத்த அடி. கம்யூனிஸ்டுகள் 62. மதுரை வடக்கில் பி. ராமமூர்த்தி ஜெயித்தார். எதிர்க்கட்சிகள் ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் ஒன்று சேர்ந்து ஆட்சி கேட்டபோது, ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்தது தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை, மேலவைக்கு நியமனம் செய்து. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் ஆதரவு கொடுத்து அமைச்சரானார். மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது சரியா தாத்தா என்று கேட்டார். சரியில்லைத்தான் என்றார் பெரியவர்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் பாதி நேரம் படித்துவிட்டு மீதி நேரம் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும் என்பது. வெளியே திராவிடர் கழகமும் தி.மு.க.வும் குலக்கல்வி என்று எதிர்த்தன. சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு அப்போது இடமே கிடையாது, அந்தத் தேர்தலில் அவர்கள் நிற்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் காங்கிரசுக்குள் இருந்த காமராசர் பக்கத்துக் கோஷ்டிக்கு வலு கொடுத்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், ஏப்ரலில் காமராசர் வந்தார், திட்டம் போனது. ஆட்சியில் கட்சி மாறவில்லை, ஆனால் மக்கள் வேண்டாம் என்ற ஒன்று மாறியது.

எல்லா இடத்திலும் இப்படி மென்மையாக நடக்கவில்லை என்பதையும் சொன்னோம், மாணவியின் கேள்விக்கு அது கடன். கேரளத்தில் 1957-இல் 126-க்கு 60 இடம் பெற்று, சுயேச்சைகள் ஆதரவோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த கம்யூனிஸ்ட் அரசை 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அரசியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவைக் கொண்டு கலைத்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தபோதே. அதே 1957-இல் மதுரை மக்களவைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் கே.டி.கே. தங்கமணியை அனுப்பியது. நாடே காங்கிரஸ் என்று சொல்லும் காலத்தில் நம் ஊர்! மாணவி பூட்டன் பெயரைச் சொல்லி, அவர் அந்தத் தேர்தலில் வேலை பார்த்திருப்பார் என்றார். பெரியவர், பார்த்திருப்பார் ஆத்தா, எங்களை எதிர்த்துத்தான் என்றார். அவ்வளவு நாளில் அவர் முகத்தில் கோபமில்லாமல் பார்த்தது அப்போதுதான்.

நான்காவது சனிக்கிழமை: கக்கன்

எண்ணிக்கை முடிந்து இரண்டாவது நாள். பெரியவர் 1967-க்கு வந்தார். அவருக்கு அந்த வருடம் ஆறாத புண். மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், 1952-இல் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர், பத்து வருடம் அமைச்சராக இருந்தவர், கையில் ஒன்றும் சேர்த்துக்கொள்ளாதவர். அந்த மனிதர் சொந்த மண்ணில், மேலூர் தெற்கில், தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் பெரியவர் வாக்குச்சாவடி ஏஜென்ட். "அவரையே தோக்கடிச்சாங்களேப்பா" என்று அரை மணி நேரம் அதையே சொன்னார்.

மாணவி தயங்கித்தான் சொன்னார். 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது உள்துறை கக்கனிடம் இருந்தது. ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் தொடங்கிய கைகலப்பு கலவரமாகி மாநிலம் முழுக்கப் பரவியது, போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள்.

நான் தடுக்க வாயெடுத்தேன். ஆசிரியர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் பேசாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. பெரியவர் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "நெசந்தான். அன்னைக்குப் போயி இது வேணாம்னு சொல்லணும்னு எங்களுக்கும் இருந்துச்சு. யாருகிட்டப் போயிச் சொல்றது? காமராசர் டெல்லிக்குப் போயிட்டாரு."

1963 அக்டோபரில் காமராசர் முதல்வர் பதவியை விட்டார், 1964-இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்தார், இங்கே முதல்வர் பக்தவத்சலம். மேலிருந்து கீழே கட்டளை வந்தது, கீழேயிருந்து மேலே முறையீடு போகும் வழி அடைபட்டுப் போயிருந்தது. மடை அடைத்தால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு வெளியே போகும், அதைக் கண்மாய்க்கரை ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு 1957-இல் 15 இடம், 1962-இல் 50, 1967-இல் 234-க்கு 137. காங்கிரஸ் 51. இதில் ஒரு விஷயம் பார்த்து இளைஞர் அசந்துபோனார்: 1967-இல் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு கிட்டத்தட்ட 41 சதவீதம், தி.மு.க. வாங்கியதைவிட ஒரு பொட்டு அதிகம். எதிர்க்கட்சிகள் கூட்டணி வைத்துக் குன்றிமணியும் சோளமும் கடலையும் ஒரே குவியலாகிவிட்டன. பதினைந்து வருடம் காங்கிரசுக்கு உதவிய அதே சிரட்டைக் கணக்கு அதைக் கவிழ்த்தது. காமராசரே விருதுநகரில் 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

ஐந்தாவது சனிக்கிழமை: விளைவு

கடைசி வாரம் சும்மா பேசி முடிக்கத்தான் கூடினோம். பெரியவர் மறுபடியும் கக்கனை எடுத்தார். யார் போட்டிருப்பாங்க அவருக்கு எதிரா, இந்த ஊர்ல ஒரு ஆளக் காட்டுங்க என்றார். நிலைப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலேயே, "நான் போட்டேன்" என்றார்.

யாரும் பேசவில்லை.

"அவரு மேல எனக்கு என்ன கோவம். தங்கமான மனுசன். வீட்டுல அரிசி இல்ல. மூணு புள்ளைக. ரூவாய்க்கு மூணு படின்னு சொன்னாக, சூரியனுக்குப் போட்டுட்டு வந்தேன்." பெரியவர், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "நீங்க கேக்கலயே" என்றார் அப்பத்தா. 52 வருடம் கழித்து அந்த வீட்டில் அது முதல் தடவையாகப் பேசப்பட்டது. பெரியவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, கையில் இருந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்துச் சிரட்டைக்கு வெளியே வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். மாணவி குழுவில் போட்ட பழைய பதிவை எடுக்கவில்லை, அதன் கீழேயே 1952-இன் 152-ஐயும் ராஜாஜி நியமனத்தையும் கல்வித் திட்டம் போன கதையையும் சேர்த்து எழுதினார். சர்வாதிகாரம் என்ற சொல்லை விட்டுவிட்டார், 1959 கேரளத்தை விடவில்லை. இளைஞர் இப்போது யாராவது ஒரு கட்சி இத்தனை இடம் என்று சொன்னால் எத்தனை ஓட்டு என்று கேட்கிறார். நூலகம் ஜூனில் திரும்பக் கிடைத்தது. திண்ணையை விட யாருக்கும் மனசு வராததால் மாதம் ஒரு முறை அங்கேயும் கூடினோம்.

மறுபடி செய்தால்

சொந்தத் தொகுதியிலிருந்து தொடங்குவேன், டெல்லிக் கணக்கிலிருந்து இல்லை. மதுரையின் 1957 முடிவை முதல் நாளே வைத்திருந்தால் எல்லாரும் காங்கிரஸ் என்ற பேச்சும் சர்வாதிகாரம் என்ற பேச்சும் அன்றைக்கே தணிந்திருக்கும். சிரட்டைக் கணக்கைப் பெரியவர்கள் இல்லாமல் செய்ய மாட்டேன், புளியங்கொட்டையிலும் இரண்டு நிறம் கலந்து வைப்பேன். நூலகப் பொறுப்பாளரிடம் முன்னாலேயே எழுதிக் கொடுப்பேன். தேர்தலுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் தொடங்கியதும் தப்பு, ஒரு மாதம் தள்ளியிருக்கலாம். 1965 பேச்சுக்கு வந்தபோது நான் தடுக்கப் பார்த்ததை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அப்பத்தா. மூன்று வாரம் அந்த நிலைப்படியில் அவர் உட்கார்ந்திருந்தார், காப்பி கொடுத்தார், டம்ளரைத் திரும்ப வாங்கினார், நாங்கள் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு அதே தெருவில் இன்னும் மூன்று பாட்டிமார்களிடம் மாணவி போய்ப் பேசிப் பதிவு செய்திருக்கிறார். முதல் ஓட்டு எந்த வருடம், எந்தச் சின்னத்துக்குப் போடச் சொன்னார்கள், எதற்குப் போட்டீர்கள் என்று மூன்றே கேள்வி. இரண்டு பேர் பதில் சொல்வதற்கு முன்னால் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்களாம்.